ஜெபத்தில் மனம் நிற்கவில்லையே?

கேள்வி: அடுத்தடுத்து துன்பம். முழங்காலிட்டால் ஆண்டவர் நினைவே வருவதில்லை, கவலைதான் ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: கவலையை விரட்டப் பார்க்காதீர்கள், அதையே ஜெபமாக்குங்கள். பைபிளில் 13-ஆம் சங்கீதத்தை (ஒரு ஜெபப் பாடல்) எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு. 'எதுவரைக்கும்' என்று பாடியவர் நான்கு தடவை கர்த்தரிடம் கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். நம்பிக்கை கடைசி இரண்டில்தான் வருகிறது. சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, உங்கள் கவலையைப் பெயர் சொல்லி ஒரு வரி பேசுங்கள். பத்து நிமிடம் போதும்.

பலர் முறையீட்டைத் தாண்டி நேரே துதிக்குப் பாய்கிறார்கள். அடக்கிய பாரம் பாதியில் மேலே வந்து மனதைக் கலைத்துவிடும். (முறையிடுவது அவிசுவாசம் என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.) கடைசிப் பகுதி வாயில் வரவே இல்லையா? அன்றைக்கு 88-ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது. ஆனாலும் முதல் வரியில் கூப்பிடுவது கர்த்தரைத்தான்.