பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் நிலையம் பேசியாக வேண்டும்

கேள்வி: டெக்சாஸில் ஒரு சிறிய ஊரில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சில வருடங்களுக்கு முன் ஒரு ஏ.எம். வானொலி நிலையத்தை வாங்கினோம். 1400 கிலோஹெர்ட்ஸ், 1 கிலோவாட், ஒரே டவர். வார இறுதியில் தமிழ், தெலுங்கு நிகழ்ச்சிகள். மற்ற நாட்களில் நேரத்தை வாடகைக்கு விட்டோம். டவர் நின்ற நிலத்தின் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார், டவரை இறக்க வேண்டியதாயிற்று. பத்து மாதமாக ஏ.எம். ஒலிபரப்பு இல்லை. அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி.யிடம், ஒலிபரப்பாமல் மௌனமாக இருக்க அனுமதி வாங்கி, ஒரு முறை நீட்டித்தும் இருக்கிறோம். இன்னொரு நீட்டிப்புக் கேட்கலாமா? ஒரு நண்பர், "எங்காவது ஒரு கம்பியை ஆன்டெனாவாகக் கட்டி ஒரு நாள் பாட்டுப் போட்டால் லைசென்ஸ் தப்பிவிடும்" என்கிறார். சரியா? ஏ.எம். நிகழ்ச்சியையே எஃப்.எம்.மில் மறுஒலிபரப்பும் எங்கள் சிறிய டிரான்ஸ்லேட்டர் மட்டும் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து இணையம் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் இன்றே செய்ய வேண்டியது. அந்த டிரான்ஸ்லேட்டரை அணைத்துவிடுங்கள். அது ஏ.எம். நிலையத்தின் நிழல் மாதிரி. நிலையம் இல்லாமல் அதற்குத் தனி வாழ்வு கிடையாது. பகலில் மட்டும் ஒலிபரப்பும் ஏ.எம். நிலையங்கள் இரவில் டிரான்ஸ்லேட்டரை ஓட்டலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்கும் முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஏ.எம். ஒலித்திருக்க வேண்டும். நீங்கள் பத்து மாதமாக ஓட்டியிருக்கிறீர்கள். எஃப்.எம். ஓடிக்கொண்டிருப்பதால் "நாங்கள் ஒலிபரப்பில்தான் இருந்தோம்" என்று சொல்லவும் முடியாது, கணக்கில் வருவது ஏ.எம். அலை மட்டுமே. இதை உங்கள் தகவல்தொடர்பு வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எஃப்.சி.சி.யாகக் கண்டுபிடித்துக் கேட்பதைவிட நீங்களே சொல்வது எவ்வளவோ மேல்.

சரி, இப்போது நீட்டிப்பு. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. அங்கே இரண்டு தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று எஃப்.சி.சி.யின் விதி: ஒலிபரப்பு நின்றால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், முப்பது நாளுக்கு மேல் நீடித்தால் மௌன அனுமதி கேட்க வேண்டும், அது அதிகபட்சம் 180 நாளுக்குக் கிடைக்கும், நீட்டிக்கவும் செய்யலாம். இன்னொன்று 1996-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாக வந்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஒலிபரப்பாத நிலையத்தின் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். உத்தரவு வேண்டாம், விசாரணை வேண்டாம், யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் கையில் எத்தனை அனுமதிக் கடிதம் இருந்தாலும் இந்த இரண்டாவது கடிகாரம் நிற்காது. அனுமதிக் கடிதத்திலேயே இதை எச்சரிக்கையாக எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். ஆகவே இன்னொரு நீட்டிப்பு உங்களைக் காப்பாற்றாது.

2004-இல் இந்தச் சட்டத்துக்கு ஒரு சிறிய சன்னல் திறந்துவிட்டார்கள். நியாயம் கருதி எஃப்.சி.சி. உரிமத்தை நீட்டிக்கவோ திரும்பத் தரவோ செய்யலாம். அதை நம்பி உட்கார வேண்டாம். முழுக்க உங்கள் கைமீறி நடந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது திறக்கும். நிலம் போய்விட்டது, புது இடத்துக்குப் பணம் புரளவில்லை என்பதையெல்லாம் அவர்கள் வியாபார முடிவாகத்தான் பார்ப்பார்கள்.

இதைப் படிக்கும் இந்திய வாசகர்களுக்கு ஒரு குறுக்குச் செய்தி: நம் ஊரில் தனியாருக்குக் கிடைப்பது எஃப்.எம். மட்டுமே. ஏ.எம். ஒலிபரப்பு நடக்கும் மத்திய அலை முழுவதும் ஆகாசவாணியின் கையில் இருப்பதால் இந்தத் தலைவலி அங்கே யாருக்கும் வருவதில்லை.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. கம்பி கட்டி ஒலிபரப்பலாம், அது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்தான். "எங்காவது" என்கிறாரே, தவறு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அனுமதியில்லாத இடத்திலிருந்து போன அலை, சட்டத்தின் பார்வையில் போகாத அலை. உரிமத்தில் இல்லாத இடத்திலிருந்து ஒலிபரப்பிவிட்டு "பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் பேசினோமே" என்று வாதாடிய ஒரு நிலையத்தின் வழக்கில், வாஷிங்டனின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் எஃப்.சி.சி. பக்கம்தான் நின்றது. ஆன்டெனா சேதமானால் முன் அனுமதியில்லாமலே ஒரு அவசரக் கம்பியை ஏற்றிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. அதை உங்களிடம் யாராவது எடுத்துக் காட்டினால் மயங்க வேண்டாம். நிலமே போன நிலையில், அதை நம்பி வேறொரு இடத்தில் கம்பி ஏற்றாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது தற்காலிகச் சிறப்பு அனுமதி, சுருக்கமாக எஸ்.டி.ஏ. மௌனத்துக்கு வாங்கியதும் அதே வகைதான், இந்த முறை ஒலிபரப்புவதற்கு. புது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கம்பியின் நீளமும் உயரமும், எவ்வளவு வாட், பழைய ஒலிபரப்பு எல்லையை இது தாண்டாது என்பதற்கான விளக்கம், உரிமம் பெற்ற ஊருக்கு அலை எட்டும் என்பதற்கான விளக்கம், இவ்வளவும் வேண்டும். 200 அடிக்குக் கீழே, விமான நிலையத்திலிருந்து தள்ளி இருந்தால் டவர் பதிவு வேலை பொதுவாக இருக்காது. அனுமதி வர எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. பன்னிரண்டு மாதத்தை எண்ணுவது கடைசியாக ஒலிபரப்பிய நாளிலிருந்து. நீங்கள் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்தோ அனுமதி வந்த நாளிலிருந்தோ இல்லை. பதினோராவது மாதம் முடியும்போது அலை காற்றில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் விண்ணப்பம் இந்த வாரமே போக வேண்டும்.

இப்போது கம்பி. ஏ.எம்.மில் டவரே ஆன்டெனா என்பது உங்களுக்குத் தெரியும். 1400 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 214 மீட்டர், அதில் கால் பங்கு 53 மீட்டர் சொச்சம். அவ்வளவு உயரத்தைத் தற்காலிகமாக நிறுத்த முடியாது. அதனால் இரண்டு மரக்கம்பங்களை நட்டு, பதினைந்து மீட்டர் செங்குத்தாக ஏற்றி, மிச்சத்தைக் கிடையாக இழுத்துக் கட்டுவோம், துணி காயப்போடும் கொடி மாதிரி. நிரந்தர நிலையத்தில் டவருக்கு அடியில் 120 செம்புக் கம்பிகள் சக்கர ஆரங்களைப் போல் மண்ணுக்குள் ஓடும்; தற்காலிகத்துக்கு இருபது, முப்பதைத் தரைமேல் விரித்து முளையடித்தால் சமாளிக்கலாம். இப்படிப்பட்ட கம்பியின் அடியில் மின்தடை 12 ஓம் அளவுக்குத்தான் இருக்கும். 250 வாட் அனுப்பினால் நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் பாயும். ஆம்பியர் மீட்டர் காட்டும் அந்த அளவுதான் உங்களுடைய சாட்சி. தினமும் குறித்து வையுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒக்லஹோமாவில் ஒரு தேவாலயத்தின் பின்புறத்தில் இப்படி ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். டிரான்ஸ்மிட்டரையும் கம்பியையும் பொருத்தும் காயில் இருக்கும் இடத்துக்கு டியூனிங் பெட்டி என்று பெயர்தானே தவிர, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொட்டி. முதல் நாள் முழுக்க அருமையாக ஓடியது. மறுநாள் காலை ஆறு பத்துக்கு டிரான்ஸ்மிட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அதற்கடுத்த நாளும் அதே ஆறு பத்து. காயிலைப் பிரித்துப் பார்த்தோம், இணைப்பு கேபிளை மாற்றினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் காரை அங்கேயே நிறுத்திக் காத்திருந்தேன். ஆறு மணிக்குப் புல்தரையில் தண்ணீர் தெளிப்பான் சுழலத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் கம்பி இறங்கும் இடத்தில் இருந்த இன்சுலேட்டர் முழுக்க நனைந்து, நீலமாக ஒரு பொறி. வாளி ஒன்றைக் கவிழ்த்து மூடியதோடு பிரச்சினை தீர்ந்தது. அதைவிட முக்கியம், அந்தக் கம்பியைச் சுற்றிப் பூட்டுப் போட்ட வேலி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அது. குறைந்த வாட்தானே என்று நினைக்காதீர்கள், தொட்டால் சதையைப் பொசுக்கும்.

எத்தனை நாள் ஓட்ட வேண்டும்? சட்டத்தில் எண் இல்லை. ஒரே நாள் ஒலிபரப்பினாலும் பன்னிரண்டு மாதக் கடிகாரம் திரும்பப் பூஜ்யத்துக்குப் போகும். அதனால்தான் உங்கள் நண்பருக்கு அந்த யோசனை வருகிறது. ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். ஓட்டும் நாட்களில் ஒழுங்காக ஓட்டுங்கள்: திங்கள் முதல் சனி வரை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரையிலான நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எட்டு மணி நேரம், ஆறிலிருந்து நள்ளிரவு வரை நாலு மணி நேரம். வணிக நிலையத்துக்கான குறைந்தபட்ச அளவு அதுதான். ஒலியே இல்லாத வெறும் கேரியர் அலையையோ சோதனை ஒலியையோ விட்டுவிட்டு ஒலிபரப்பினோம் என்று எழுதாதீர்கள். நிகழ்ச்சி போக வேண்டும். மணிக்கு ஒருமுறை நிலையத்தின் அடையாளமான அழைப்பெழுத்தும் ஊர்ப் பெயரும் சொல்ல வேண்டும். அவசர எச்சரிக்கைக் கருவி வேலை செய்ய வேண்டும். பாட்டுப் போட்டால் அதற்கான ராயல்டி தனி.

அப்புறம், காகிதம். நிலத்தின் வாடகை ஒப்பந்தம், மின்சார பில், கம்பியின் தேதி போட்ட படங்கள், மீட்டர் அளவுக் குறிப்பு, ஒலிபரப்பின் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். சில வருடம் கழித்து எஃப்.சி.சி. கடிதம் எழுதி இவற்றைத்தான் கேட்கும். ஓட்டாத நாளை ஓட்டியதாக எழுதினால் அது தனிக் குற்றம், உரிமம் போவதைவிடப் பெரிய வில்லங்கம்.

சில வருடம் கழித்து என்று சும்மா சொல்லவில்லை. டெக்சாஸ் வானொலி உரிமங்கள் 2029 ஆகஸ்ட் 1-இல் முடிகின்றன. எட்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் புதுப்பித்தலில், இந்தக் காலம் முழுக்க மக்களுக்கு என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். வருடத்துக்கு நாலு நாள் பேசிவிட்டு மீதி நாள் தூங்கிய நிலையம் அங்கே மாட்டும். 2018-இல் வர்ஜீனியாவில், பெரும்பகுதிக் காலம் மௌனமாகவே இருந்த இரண்டு ஏ.எம். நிலையங்களின் புதுப்பித்தலை எஃப்.சி.சி. நேரடியாக விசாரணைக்கே அனுப்பியது. எட்டு வருடத்துக்குப் பதிலாகக் குறுகிய காலத்துக்கு மட்டும் புதுப்பித்துக் கொடுத்ததும் உண்டு.

அதனால் கம்பி காற்றில் இருக்கும் மாதங்களிலேயே நிரந்தர இடத்தைப் பிடிக்கப் பாருங்கள். சொந்த நிலம், புது டவர் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். இன்றைக்கு ஏ.எம். நிலையத்தைவிட அது நிற்கும் நிலத்துக்குத்தான் விலை அதிகம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதஸ்டாவில், டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் டவர்கள் நின்ற 75 ஏக்கரை வீடு கட்டும் நிறுவனம் வாங்கி, 2020 நவம்பரில் டவர்களைச் சாய்த்தது. பெரிய நகரத்துக் கதை அது, உங்களுக்கு நடந்ததும் அதன் சிறிய பதிப்புதான். பக்கத்தில் வேறொரு ஏ.எம். நிலையம் இருந்தால் அவர்கள் டவரில் வடிகட்டி போட்டு உங்கள் அலையையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். இரண்டு அலைவரிசை ஒரே டவரில் நிற்பது சாதாரணம். நிலப் பிரச்சினையும் வேலிப் பிரச்சினையும் சேர்ந்தே தீரும், அவர்களுக்கும் ஒரு வாடகை வரும். அதுவும் அமையாவிட்டால் விற்பதைப் பற்றி யோசியுங்கள். உயிரோடிருக்கும் உரிமத்துக்குத்தான் விலை. ஏ.எம். போனால் அதோடு கட்டப்பட்ட டிரான்ஸ்லேட்டரும் சேர்ந்து போகும், வாங்குபவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

நிலம் கிடைத்ததும் அதன் நீள அகலத்தையும், எந்தப் பக்கம் மின்கம்பி ஓடுகிறது என்பதையும், கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் மாடலையும் எழுதுங்கள். காயிலுக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். தண்ணீர் தெளிப்பான் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.