வாசகர் கேள்வி – பதில்: பள்ளி ஆண்டு முடிகிறது, நன்றியை யாருக்கு, எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடும் காலம் இது. இம்முறை வந்த கடிதங்களில், பொதுப் பள்ளி மாவட்டங்களின் ஆண்டு நிறைவுச் செய்திகளையும் ஊழியர் பாராட்டையும் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறேன். பேரனின் பள்ளி மாவட்டத்திலிருந்து, 'கண்காணிப்பாளர்' கையெழுத்திட்ட ஆண்டு நிறைவுச் செய்திமடல் வந்தது. பேரனின் படிப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஓய்வு பெறுகிறவர்கள், இருபத்தைந்து ஆண்டுப் பணி முடித்தவர்கள், சிறந்த ஊழியர்கள் என்று பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது. ஊழியர் விவகாரத்தைப் பெற்றோருக்கு ஏன் அனுப்புகிறார்கள்?
— ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பதில்: கண்காணிப்பாளர் என்றதும் நம் ஊர் வழக்கப்படி உங்களுக்குக் காவல் துறை நினைவுக்கு வந்திருந்தால் வியப்பில்லை. இங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பது ஆட்சியர் ஆளும் வருவாய் மாவட்டமும் அன்று, மாநிலக் கல்வித் துறையின் கிளை அலுவலகமும் அன்று. தனக்கென ஓர் எல்லை, பெரும்பாலும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு கல்விக் குழு, தனி வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றைக் கொண்ட உள்ளாட்சி அமைப்பு அது. நாடு முழுவதும் இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. சிலவற்றில் சில நூறு மாணவர்களே படிக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் லட்சக்கணக்கில் படிக்கிறார்கள். ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம்தான். மடலில் கையெழுத்திட்ட கண்காணிப்பாளர், அதாவது 'சூப்பரின்டென்டென்ட்', பெரும்பாலும் கல்விக் குழு நியமிக்கும் தலைமை நிர்வாகி. அவரை நீக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கே உண்டு.

எனவே அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தொலைதூரத் தலைநகரம் ஒன்றின் ஊழியர்கள் அல்லர். உங்கள் மகளும் மருமகனும் செலுத்தும் சொத்து வரியும் மாநில அரசு தரும் பணமும் சேர்ந்துதான் அவர்களுக்குச் சம்பளமாகிறது. யார் விடைபெறுகிறார்கள் என்று பெற்றோருக்குச் சொல்வது, ஊராருக்கு ஊரார் கணக்குச் சொல்வது போன்றதே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆசிரியர்கள். மீதிப் பாதி சிறப்புக் கல்வி உதவியாளர்கள், பேருந்து ஓட்டுநர்கள், உணவுக்கூடப் பணியாளர்கள், இரவுத் துப்புரவாளர்கள், அலுவலக எழுத்தர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் என்று விரியும். கலிபோர்னியாவில் ஆசிரியர் சான்றிதழ் தேவைப்படும் பணிகளைச் 'சர்ட்டிஃபிகேட்டட்' என்றும், மற்றவற்றைக் 'கிளாசிஃபைட்' என்றும் பிரிப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் மடலில் இரண்டு தலைப்புகளிலும் பெயர்கள் இருந்தால் அந்த மாவட்டம் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்றே கொள்வேன். பல மாவட்டங்களில் இரண்டாவது தலைப்பு சுருங்கிப்போய்விடுகிறது.

கல்விக் குழுக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவரின் ஓய்வு, 'ஒப்புதல் பட்டியல்' என்ற பகுதியில், உணவுப் பொருள் ஒப்பந்தத்துக்கும் கூரைப் பழுதுக்கும் நடுவே, விவாதமே இல்லாமல் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். சட்டப்படி அது போதும். போதாது என்று நினைக்கும் மாவட்டங்கள்தான் உங்களுக்கு வந்தது போன்ற மடலை அச்சிடுகின்றன.

கேள்வி: வகுப்புப் பெற்றோர் ஒருவர், ஆசிரியருக்குப் பரிசு அட்டை வாங்குவதற்காக ஆளுக்கு 40 டாலர் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு மூன்று குழந்தைகள். தரவில்லை என்றால் குழந்தையைத் தவறாக நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. இப்படி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறதா?
— ஒரு தாய், பாஸ்டன் புறநகர், மாசசூசெட்ஸ்

பதில்: நீங்கள் இருக்கும் மாநிலத்தில் இதற்குத் தெளிவான விதி உண்டு, அது உங்கள் பக்கமே நிற்கிறது. பொதுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர் என்பதால், தம் பதவியின் காரணமாக 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை ஒருவரிடமிருந்து அவர் பெறக்கூடாது. வகுப்பு முழுவதும் சேர்ந்து தரும் பரிசுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: ஒரு பள்ளி ஆண்டில் 150 டாலர் வரை தரலாம். ஆனால் அது 'வகுப்பின் பரிசு' என்று மட்டுமே குறிப்பிடப்பட வேண்டும்; யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியக்கூடாது. இருபது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு 40 டாலர் என்றால் 800 டாலர் ஆகிறது. அந்தத் தொகைக்குப் பரிசு அட்டை வாங்கிக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளும் ஆசிரியரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுகிறோம். வசூலிப்பவருக்கு இதை மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள்; பெரும்பாலும் விதி தெரியாமல்தான் செய்திருப்பார்.

கொடுத்தவர் பெயர் தெரியக்கூடாது என்ற நிபந்தனையை யார் எழுதினார்களோ, அவர்கள் உங்களைப் போன்ற தாயை நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். கொடுக்காதவர் யாரென்று தெரியாத இடத்தில் உங்கள் பயத்துக்கு வேலை இல்லை. ஐந்து டாலர் போடலாம், ஒன்றுமே போடாமலும் இருக்கலாம்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் வாசகர்கள் இந்தத் தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறுகிறது. பள்ளி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வகுப்பறைக்கென்று தரும் புத்தகம், தாள், வண்ணப் பென்சில் போன்றவை தனிப்பட்ட பரிசாகாமல் வகுப்பின் உடைமையாகிவிடுவதால் அவற்றில் சிக்கல் குறைவு. ஆசிரியர்கள் தம் கைப்பணத்தில் இவற்றை வாங்குவது இந்நாட்டில் அவ்வளவு வழக்கமான செய்தி என்பதால்தான், கூட்டாட்சி வருமான வரியில் அதற்கென்றே ஒரு கழிவு இருக்கிறது. 2002இல் 250 டாலராகத் தொடங்கிய அது 2022இல் 300 டாலராக உயர்ந்தது. ஆகவே ஒரு பெட்டி வண்ணப் பென்சிலைச் சிறிய பரிசென்று எண்ண வேண்டாம்.

கேள்வி: பரிசு வேண்டாம், கடிதமே போதும் என்கிறார்கள். என் ஆங்கிலம் அவ்வளவு சரளமானதன்று. என்ன எழுதுவது, யாருக்கு அனுப்புவது?
— ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: சரளமான ஆங்கிலம் இங்கே பயன்படாது, சில வேளைகளில் கெடுத்தும்விடும். 'நீங்கள் தலைசிறந்த ஆசிரியர், உங்கள் அர்ப்பணிப்புக்குத் தலைவணங்குகிறோம்' என்பது கடையில் விற்கும் வாழ்த்து அட்டையிலேயே அச்சாகி வருகிறது. நடந்த ஒன்றை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: 'செப்டம்பரில் என் மகள் வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். நீங்கள் அவளை நூலகப் புத்தகங்களை அடுக்கச் சொல்லி, அடுக்கும்போது ஒவ்வொரு தலைப்பையும் உரக்கப் படிக்கச் சொன்னீர்கள். மார்ச் மாதத்தில் அவள் வகுப்பின் முன்னால் நின்று பேசினாள்.' இவ்வளவுதான். இதை எவ்வளவு தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்த ஆசிரியர் அதை எறிய மாட்டார்.

அடுத்தது முகவரி. மூலக் கடிதம் உரியவருக்கே போகட்டும். ஒரு பிரதியைப் பள்ளி முதல்வருக்கும், இன்னொன்றைச் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பணிக் கோப்பில் சேர்க்குமாறு ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள். புகார்க் கடிதங்களைப் பிரதி எடுத்து மேலிடம் வரை அனுப்ப நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பாராட்டுக்கு மட்டும் அந்த வழி நமக்குத் தோன்றுவதில்லை. புதிதாகச் சேர்ந்து, இன்னும் நிரந்தரமாகாத ஆசிரியருக்கு இத்தகைய ஒரு தாள் எவ்வளவு உதவும் என்பதை எழுதுகிறவர் அறியவே மாட்டார்.

கல்விக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கும் சில நிமிடங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். குறை சொல்ல வருகிறவர்களின் வரிசையில் ஒருவர் எழுந்து பேருந்து ஓட்டுநரைப் பாராட்டினால், மேடையில் இருப்பவர்கள் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்வதைக் காணலாம். மற்றக் குழந்தைகளின் பெயர்களை மட்டும் அங்கே சொல்லாதீர்கள்.

கேள்வி: மே மாதத்தில் ஆசிரியர்களுக்கு வாரம் முழுவதும் பாராட்டு நடக்கிறது. பேருந்து ஓட்டுநருக்கும் உணவுக்கூடத்து அம்மாவுக்கும் நாள் எதுவும் இல்லையா?
— ஒரு மாணவி, பிளேனோ, டெக்சஸ்

பதில்: உண்டு, சுவரொட்டிதான் ஒட்டுவதில்லை. நம் ஊரில் செப்டம்பர் 5 என்ற ஒரே நாளில் ஆசிரியர் தினம் முடிந்துவிடும். இங்கே ஆசிரியர் பாராட்டு வாரம் மே மாதத்தின் முதல் முழு வாரம். அதன் செவ்வாய்க்கிழமைதான் ஆசிரியர் தினம். மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையைப் பள்ளி உணவுப் பணியாளர்களுக்கான நாளாக 2013 முதல் கொண்டாடுகிறார்கள். மே 6 முதல் 12 வரையிலான செவிலியர் வாரத்தின் புதன்கிழமை பள்ளிச் செவிலியருக்கு உரியது. ஆசிரியரல்லாத பள்ளி ஊழியர்களுக்கென்றே கலிபோர்னியாவில் மே மாதத்தின் மூன்றாவது முழு வாரம் இருக்கிறது. மாற்று ஆசிரியர்களுக்கு நவம்பரில் ஒரு நாள்.

ஓட்டுநர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பல மாவட்டங்கள் பேருந்துகளைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கின்றன. அப்போது ஓட்டுநர் மாவட்டத்தின் ஊழியர் அல்லர் என்பதால் பணிக்காலப் பதக்கம், ஆண்டு நிறைவு விருந்து, செய்திமடல் ஆகிய மூன்றிலும் அவர் பெயர் வருவதற்கு வழியில்லை. பத்து ஆண்டுகளாக ஒரே தடத்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கியவராக இருந்தாலும் இதே நிலைதான். அவருக்குக் கிடைக்கும் பாராட்டு பேருந்தில் ஏறும் குழந்தைகள் கையில் கொடுப்பது மட்டுமே. கடைசி நாளில் நீ ஒரு தாளில் எழுதிக் கொடு, அம்மா; தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மார்ச்சில் எங்கள் மாவட்டம் ஆசிரியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு அனுப்பியது. மே மாதத்தில் அதே மாவட்டம் 'எங்கள் ஆசிரியர்களே எங்கள் செல்வம்' என்று பதாகை கட்டுகிறது. இது வேடம் இல்லையா?
— ஒரு வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா

பதில்: வேடம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட மாட்டேன், ஆனால் உங்கள் கசப்பு நியாயமானது. கலிபோர்னியச் சட்டப்படி, அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் முன்னறிவிப்பும், மே 15க்குள் இறுதி அறிவிப்பும் தந்தாக வேண்டும். பணம் எவ்வளவு வரும் என்பதோ அதற்குப் பிறகுதான் தெரிகிறது. ஆளுநர் ஜனவரியில் முன்வைக்கும் நிதித் திட்டத்தை மே மாத நடுவில் திருத்துகிறார். சட்டமன்றம் ஜூன் 15க்குள் நிறைவேற்றுகிறது. மாவட்டம் தன் வரவு செலவுத் திட்டத்தை ஜூலை 1க்குள் ஏற்க வேண்டும். கணக்குத் தெரியும் முன்பே கடிதம் அனுப்ப வேண்டியிருப்பதால், தேவைக்கு மேல் அனுப்பிவிட்டுப் பின்னர் பலவற்றைத் திரும்பப் பெறுவது அங்கே ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. பதாகை கட்டும் வாரம் மார்ச் 15, மே 15 என்ற இரண்டு அறிவிப்புத் தேதிகளுக்கும் நடுவில் வந்து விழுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித் தோன்றாதுதான்.

அண்மை ஆண்டுகளில் நெருக்கடி கூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு. கொரோனா காலத்தில் கூட்டாட்சி அரசு பள்ளிகளுக்கு ஏறத்தாழ 190 பில்லியன் டாலர் உதவித்தொகை அளித்தது. அதில் கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்குவதற்கான கெடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அந்தத் தற்காலிகப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள் இப்போது தடுமாறுகின்றன. கலிபோர்னியாவில் மாநில நிதி மாணவர்களின் அன்றாட வருகையைப் பொறுத்து வருவதால், வாடகையும் வீட்டு விலையும் தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறும் ஊர்களில் வருமானம் தானாகவே குறைகிறது. குறைப்பு பெரும்பாலும் பணிமூப்பின் வரிசைப்படி நடப்பதால், அடி புதியவர்கள் மீதே விழுகிறது.

பணமில்லாத மாவட்டம் பதாகை கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மார்ச்சில் கடிதம் பெற்ற ஆசிரியரின் பெயரை மே மாதப் பாராட்டுப் பட்டியலிலிருந்து விட்டுவிடுகிற மாவட்டத்தைத்தான் மன்னிக்கத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அவர் இருப்பாரோ இல்லையோ, இந்த ஆண்டு முழுவதும் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதற்கு முன் பொது விசாரணை நடத்துவது கட்டாயம். உங்கள் கேள்வியை எடுத்துச் செல்ல வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: ஆசிரியர் பாராட்டு விழாவில் என் மகன் பூச்செண்டு கொடுக்கும் படத்தை, அவன் பெயருடன் மாவட்டச் செய்தியில் போட்டுவிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.
— ஒரு தந்தை, அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: ஆண்டுத் தொடக்கத்தில் கேட்டிருப்பார்கள், நீங்கள் கையெழுத்திட்ட பத்துத் தாள்களில் ஒன்றில் அது இருந்திருக்கும். மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கான 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், பெயர், புகைப்படம், பெற்ற விருது போன்றவற்றை 'விவரப்பட்டியல் தகவல்' என்று வகைப்படுத்தி, பெற்றோரின் தனி ஒப்புதல் இல்லாமல் வெளியிட இடம் தருகிறது. ஆனால் மாவட்டம் இதை முன்கூட்டியே அறிவித்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும். வந்த படத்தை நீக்கும்படி இப்போது கேளுங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். ஆகஸ்டில் வரும் படிவத்தை மறவாமல் நிரப்புங்கள்.

கேள்வி: ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளி மூடிய பிறகு அனுப்பினால் சேருமா?
— ஒரு வாசகி, சியாட்டில், வாஷிங்டன்

பதில்: மின்னஞ்சலை நம்ப வேண்டாம், ஓய்வு பெற்றவரின் மாவட்டக் கணக்கை மூடிவிடுவது வழக்கம், மூடியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தாளில் எழுதி, உறையின் மேல் அவர் பெயரையும் 'வீட்டு முகவரிக்கு அனுப்பவும்' என்ற குறிப்பையும் இட்டு, தபால்தலை ஒட்டிப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். அவர் முகவரியை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் கடிதத்தை அனுப்பிவைப்பார்கள். அலுவலகச் செயலர் பெரும்பாலும் பள்ளி மூடிய பின்னும் சில வாரங்கள் பணியில் இருப்பார். அவரும் விடுப்பில் போய்விட்டால் மாவட்ட அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் கொடுக்கலாம். கோடை முழுவதும் அது திறந்திருக்கும்.