பரலோகம் போக ஆசைப்படுகிற கிறிஸ்தவர்கள் நோய் வந்தால் ஏன் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள்?

இதை நீங்கள் கிண்டலுக்குக் கேட்டீர்களா, வலியில் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. கேள்விக்குக் கீழே, "அவ்வளவு நல்ல இடம் என்றால் உடனே கிளம்பவேண்டியதுதானே, எதற்கு ஐசியூ?" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தால், சமீபத்தில் ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, "அழாதே, நல்ல இடத்துக்குத்தானே போகிறார்" என்று யாரோ சொல்லக் கேட்டு எரிச்சலானவர் போலத் தெரிகிறது. அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே கட்சி. வெறும் கிண்டல்தான் என்றாலும் சரி, என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. வேதத்தை வீட்டில் வாசிக்கிற சாதாரண விசுவாசி. "வசனத்தைத் தப்பாகப் பிரித்தாய்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள். "செத்த பிறகு ஒன்றும் கிடையாது, இதெல்லாம் மூளைச்சலவை" என்கிறவர்களோடு வாதாடவும் எனக்கு ஆசையில்லை. கேள்வி நம்புகிறவர்களைப் பற்றியது, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

என் அம்மா பரலோகத்தைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் பேசுவார். நாம் அடுத்த வாரம் உறவினர் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. தங்க வீதி, முத்து வாசல் எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது. "தங்கத்துல ரோடு போட்டா வழுக்கும்" என்று சிரிப்பார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "ஆண்டவர் முகத்தைப் பார்க்கணும்."

அதே அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், கடைசிக் காலம் டயாலிசிஸில் கழிந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று புரியும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போலப் படுக்கை, கையில் இரண்டு தடித்த ஊசிகள், முடிந்ததும் எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அம்மா இதில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. மாத்திரை நேரம் கொஞ்சம் தள்ளிப்போனால் என்னைக் கூப்பிட்டு நினைவுபடுத்துவார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்பார். பேத்தி படிப்பு முடிப்பதைப் பார்க்கவேண்டும் என்பார். அதே மூச்சில் ஆண்டவரிடம் போகவேண்டும் என்பார். அவருக்கு இரண்டும் முட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

முட்டியதாகத் தெரிந்தது ஜெபக்குழுவிலிருந்து பார்க்க வந்த ஒரு சகோதரருக்குத்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஏறக்குறைய உங்கள் கேள்வியையே கேட்டார். "அம்மா, பரலோகம் போக ஆசைங்கிறீங்க, அப்புறம் எதுக்கு இந்த மெஷின்? விசுவாசம் இருந்தா கர்த்தர் இங்கேயே சுகம் குடுப்பார். இல்லேன்னா சந்தோஷமா அங்க போகலாம். ரெண்டுல ஒண்ணுதானே?"

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். "தம்பி, அவர் கூப்பிடும்போது போறேன். நீங்க அனுப்பும்போது இல்ல."

அவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார். ஆனால் அதன் பிறகு, "அந்தம்மாவுக்கு உலக ஆசை இன்னும் விடல" என்று சபையில் சொல்லியிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்தது. இன்று வரை எனக்கு அது ஆறவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அந்தச் சகோதரர் பிலிப்பியர் நிருபத்தை, அதாவது அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தை, இரண்டாம் அதிகாரம் வரை வாசித்திருந்தால் போதும். முதல் அதிகாரத்தில் பவுல், "கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்" என்கிறார். சிறையிலிருந்து எழுதுகிறவர், பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருக்கத் தனக்கு ஆசை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். எல்லாரும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். அடுத்த அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். பவுலுக்கு உதவியாக அனுப்பப்பட்ட நண்பர், நோயில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். "சாவு ஆதாயம்" என்று எழுதிய அதே மனிதர் இங்கே என்ன சொல்ல வேண்டும்? பாவம், ஆதாயம் கைநழுவிப் போய்விட்டது என்றா? அவர் எழுதுவது, தேவன் அவனுக்கு இரங்கினார், துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு எனக்கும் இரங்கினார் என்று. நண்பன் பிழைத்தது இரக்கம், செத்திருந்தால் துக்கம். ஒரே கடிதம், ஒரே ஆள். இதைவிடத் தெளிவாக உங்கள் கேள்விக்கு யாரும் பதில் எழுதிவிட முடியாது.

காரணமும் எளிதானதுதான். கிறிஸ்தவன் ஏங்குவது சாவுக்கு அல்ல. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்கிறார். இறந்துபோன நண்பன் லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். ஏக்கம் தேவனோடு இருப்பதற்கு; மரணம் அதற்கு நடுவில் நிற்கிற எதிரி. அந்த எதிரியின் தோல்வியை நம்புகிறவன், அவன் வரும்போது மாலையோடு போய் வரவேற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பரலோக ஏக்கம் வேறு, வாழ்க்கை கசந்து செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவது வேறு. இரண்டாவது உங்களுக்குத் தோன்றிக்கொண்டிருந்தால் என் பதிலை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ இன்றைக்கே பேசுங்கள். அதை விசுவாசம் என்று யாராவது பூசி மெழுகினால் நம்பாதீர்கள்.

அம்மா போனபோது நான் அழுதேன், சத்தமாகவே. "சாட்சியைக் கெடுக்காதே", அதாவது அழுது விசுவாசத்துக்கு இழுக்குத் தேடாதே, என்று தோளைத் தட்டிச் சொன்னவர்களும் உண்டு. பெரிய ஆட்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். கி.பி. 387இல் ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுக ஊரில், திருச்சபையின் பெரிய இறையியலாளர்களில் ஒருவரான அகஸ்டினும் அவர் தாய் மோனிக்காவும் ஒரு ஜன்னலருகே நின்று நித்திய வாழ்வு எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த உலகத்தில் தனக்கு இனி ஒன்றும் வேண்டியதில்லை என்றார் தாய். சில நாட்களில் காய்ச்சல் வந்து இறந்தார். அப்படி இறந்தவருக்காக அழுவது தகாது என்று அகஸ்டின் கண்ணீரை அடக்கிக்கொண்டார். அடக்கத்தின்போதும் அழவில்லை. பிறகு தூங்கி எழுந்து, தனியாக இருக்கும்போது உடைந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து எழுதும்போது, இதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்று வாசகரிடம் கேட்டுக்கொள்கிறார். அகஸ்டினே இப்படிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நான் எம்மாத்திரம்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய ஞானப்பாட்டுகள் பலவற்றில் கடைசிச் சரணம்தான் மரணத்தையும் பரலோகத்தையும் பற்றி வரும். எங்கள் சபையில் பாட்டு நடத்துகிற தம்பி "நேரமாச்சு" என்று சரியாக அந்தச் சரணத்தைத்தான் வெட்டுவார். அவர் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிற பாட்டுகளில் வீடு வரும், உயர்வு வரும், எதிரி முன்னால் தலைநிமிர்வது வரும். சாவு மட்டும் வராது. அம்மாவின் அடக்க ஆராதனையிலாவது முழுதாகப் பாடுங்கள் என்று சீட்டெழுதிக் கொடுத்தேன். அன்றைக்கும் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிட்டு, அறிவிப்புகளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்புக்கு நேரம் இருக்கிறதாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "முடிவே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தால் சலிக்காதா?" என்றும் கேட்டிருந்தீர்கள். மேகத்தின்மேல் உட்கார்ந்து வீணை வாசிக்கிற படத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் அப்படி முடியவில்லை. மனிதர்கள் மேலே பறந்துபோவதோடு கதை முடிவதில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது, புதிய வானம், புதிய பூமி. ஆராதனையில் சொல்கிற விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணத்திலும் "சரீரம் உயிர்த்தெழுதல்" என்றுதான் அறிக்கை செய்கிறோம், உடம்பில்லாத ஆவியாக அலைவது என்று அல்ல. அந்த நகரத்தின் நீளம் பன்னீராயிரம் ஸ்தாதி, அதாவது கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர், அகலமும் உயரமும் அதே அளவு. இதை வைத்து ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று கணக்குப் போடுகிற பிரசங்கிகளையும் கேட்டிருக்கிறேன், அவர்களை விட்டுவிடுவோம்.

கடைசி அதிகாரத்தில், அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள், அவருடைய சமுகத்தை, அதாவது முகத்தை, தரிசிப்பார்கள் என்று இருக்கிறது. ஆக வேலையும் உண்டு, அம்மா கேட்ட முகமும் உண்டு. அதிலும் சலிப்பு வருமா என்று உங்களுக்குத் தோன்றினால் தனிக் கேள்வியாகப் போடுங்கள். என்னைவிட விவரமானவர்கள் யாராவது எழுதுவார்கள், நானும் வந்து படிக்கிறேன்.