ஒன்றிலிருந்து மூன்று வயது வரை: வீட்டு விளையாட்டு பற்றிய கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடுதான் என் வேலை. வீட்டில் பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று குடும்பத்தார் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (செங்காங், 20 மாத மகன்): கல்வி விளையாட்டுப் பொருள்கள் நிறைய வாங்கி அடுக்கியிருக்கிறோம். அவனோ சமையலறைச் சட்டி, மூடிகளைத்தான் தேடிப் போகிறான். எப்படி மாற்றுவது?

மாற்ற வேண்டாம். எந்த மூடி எந்தச் சட்டிக்குப் பொருந்தும், எதற்குள் எது போகும், எதைத் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று அவன் சோதித்துக்கொண்டிருக்கிறான். கடையில் வாங்கிய பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும் இதே பாடம்தான், விலை மட்டும் கூடுதல். சமையலறையின் கீழ் இழுப்பறை ஒன்றை அவனுக்கென்று ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் டப்பாக்கள், மரக்கரண்டி, இட்லித் தட்டு போதும். வீட்டில் பழைய டிபன் கேரியர் இருந்தால் அதுதான் தங்கம்: அடுக்கலாம், பிரிக்கலாம், கொக்கியை மாட்டப் போராடலாம்.

வாங்கிய பொருள்களில் பாதியை அலமாரியில் ஏற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை மாற்றி இறக்கினால் பழையதே புதிதாகிவிடும். ஆனால் ஒன்று: கழிவறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயது வரை கையில் போகக்கூடாது. புளியங்கொட்டை, சோழி, பாசிமணி எல்லாம் இதில் சேரும். ரிமோட்டில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரி இன்னும் மோசம். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே புண்ணாக்கும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கேள்வி (ஈசூன், 22 மாத மகள்): வீட்டில் தமிழ், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலம். பேச்சு குறைவாக இருக்கிறது. குழப்பம் வரும், ஒரு மொழியை நிறுத்து என்கிறார் மாமியார்.

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. "அம்மா மில்க்" என்று கலந்து சொன்னாலும் கவலை வேண்டாம், இரண்டு மொழிப் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குவார்கள். அவள் சொல்லும் வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். தமிழில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம் என்று பிரித்துப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும்.

நான் பெற்றோரிடம் அதிகம் பார்ப்பது வேறொன்று. கேள்வியாகக் கேட்டுத் தள்ளுகிறோம். "இது என்ன? என்ன கலர்? சொல்லு, சொல்லு!" பிள்ளைக்கு இது பரீட்சை. அதற்குப் பதில், கையில் இருக்கும் வேலையையே பேச்சாக்குங்கள். துணி மடிக்கும்போது, "இது அப்பா சட்டை. பெரிசு! இது பாப்பா காலுறை. இன்னொண்ணு எங்கே போச்சு?" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த இடைவெளி நமக்கு நீளமாகத் தோன்றும், அவளுக்கோ அப்போதுதான் யோசிக்க நேரம் கிடைக்கிறது. பார்வை, கை நீட்டல், "ஊ" என்ற சத்தம் எது வந்தாலும் பதில்தான். "ஆமா, நாற்காலிக்குக் கீழே இருக்கு!" என்று அதையே முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுங்கள். நாளெல்லாம் தொடர்ந்து பேசுவதைவிட இந்தக் காத்திருப்புக்குத்தான் பலன் அதிகம்.

அதே சமயம், "இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற குடும்ப வரலாற்றை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தைகளைச் சேர்க்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, வந்த பேச்சு போய்விட்டது, இவற்றில் எது இருந்தாலும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். அந்தப் புத்தகத்திலேயே வயதுவாரியான வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களின் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். காது கேட்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். சீக்கிரம் போனதால் யாருக்கும் நட்டமில்லை.

கேள்வி (பலர்): கைப்பேசியில் தமிழ்ப் பாட்டு போட்டுக் காட்டினால் தமிழ் வராதா?

பாட்டு வரும், பேச்சு வராது. சுகாதார அமைச்சு 2025ல் புதுப்பித்த வழிகாட்டியில், 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே ஊரில் இருக்கும் தாத்தாவோடு தாராளமாகப் பேசட்டும். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள், மாலை நாடகம் உட்பட. (பாட்டிகள் மன்னிக்கவும்.)

கேள்வி (உட்லண்ட்ஸ், ஷிஃப்ட் வேலை பார்க்கும் அப்பா): வீட்டுக்கு வந்தால் மகள் தூங்க அரை மணி நேரம்தான் இருக்கும். அதில் என்ன சொல்லிக் கொடுப்பது?

குளிக்க வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் சார். ஒரு சொம்பு, ஓட்டை போட்ட ஒரு தயிர் டப்பா, ஒரு ஸ்பாஞ்ச். ஊற்றட்டும், ஒழுகட்டும், பிழியட்டும். சீப்பு மிதக்குமா, கரண்டி மூழ்குமா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள், விடையை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் சிறு பிள்ளைகள் மூழ்கிவிடுவார்கள், அதனால் கைப்பேசி அடித்தாலும் நகரக்கூடாது, முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். விடுமுறை நாளில் மின்தூக்கிப் பொத்தானை அவள் அழுத்தட்டும். பின்னால் யாராவது காத்திருந்தால் மட்டும் நீங்கள் அழுத்துங்கள்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டி): இவர்கள் சொல்லும் ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலியை வைத்து ஆங்கிலம் படிக்கப் பழக்குவது) எல்லாம் எனக்குத் தெரியாது. நான் என்ன கற்றுத் தர முடியும்?

அம்மா, பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, நண்டு ஊருது என்று கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவீர்களே, அதைச் செய்யுங்கள். விரல் ஒவ்வொன்றாகத் தொடுவதில் எண்ணிக்கை இருக்கிறது. கிச்சுக்கிச்சு எப்போது வரும் என்று அவன் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதில் கவனமும் அடுத்ததை ஊகிப்பதும் இருக்கின்றன. கக்கத்துக்கு முன்னால் ஒருகணம் நிறுத்துங்கள், "இன்னும்" என்று அவனே கேட்பான்.

சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை அவனுக்கும் கொடுங்கள். தேக்கா சந்தைக்குப் போனால் அவன் கையில் ஒரு புடலங்காய், ஒரு வெண்டைக்காய். நீளம், குட்டை, வழவழப்பு, சொரசொரப்பு எல்லாம் அங்கேயே வந்துவிடும். ஃபோனிக்ஸைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (தெம்பனிஸ், இரண்டரை வயது): தோழியின் மகள் எழுத்துகள் எழுதுகிறாள். என் மகன் பென்சிலைப் பிடிக்கவே மறுக்கிறான்.

பிடிக்க வேண்டிய வயதே இல்லை. தொடக்கநிலை ஒன்றுக்கு அவன் போவது ஏழு வயதாகும் ஆண்டில். இப்போது விரல்களுக்கு வலு வரட்டும்: துணிக் கிளிப்பை அழுத்துவது, அவித்த முட்டை உரிப்பது, கறிவேப்பிலை உருவுவது, பழைய செய்தித்தாளைக் கிழிப்பது. தோழியின் மகளுக்கு வாழ்த்துகள்.

கேள்வி (ஜூரோங்): கையில் கிடைத்ததையெல்லாம் வீசுகிறாள். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார்.

வீசுவது இந்த வயதின் ஆராய்ச்சி, அடக்கினால் நிற்காது. காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி, துணிக்கூடையைத் தள்ளி வையுங்கள். "பந்து இதுக்குள்ளே." சன்னல் பக்கம் மட்டும் கண்டிப்பு வேண்டும், கம்பித் தடுப்பும் வேண்டும்.

கேள்வி (பிடோக்): நூலகப் புத்தகத்தைக் கிழித்துவிடுவானோ என்று பயம். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

கெட்டி அட்டைப் புத்தகமாக எடுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள் தேசிய நூலக வாரியத்தில் இலவசமாகவே உறுப்பினராகலாம், தமிழ்ப் பிள்ளைப் புத்தகங்களும் இருக்கின்றன. திரும்பக் கேட்டால் திரும்பப் படியுங்கள். கடைசி வார்த்தையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி (பொங்கோல், வேலைக்குப் போகும் பெற்றோர்): பகலெல்லாம் பணிப்பெண்ணோடுதான் இருக்கிறான். அவர் விளையாட்டே காட்டுவதில்லை, நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்.

மாலை நீங்கள் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலும் காரணம் அதுதான். தரையில் மாவு கொட்டினால் திட்டு விழும் என்று தெரிந்தால் யார்தான் மாவைக் கொடுப்பார்கள்? காலையில் ஒரு மணி நேரம் விளையாட்டு, அந்த நேரத்தில் வீடு கலைந்தால் பரவாயில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், வீட்டுப் பெரியவர்களின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அவருடைய மொழியிலேயே பாடட்டும், பேசட்டும். வெயில் ஏறுமுன் புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போகட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக ஏதாவது ஒரு வேலையை அவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சட்டைகளுக்கு இஸ்திரி போடுவதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.