சீக்கிரமே நிறுத்திட்டாங்க, ஆனா கண்டிப்பா பாக்கணும்னு நீங்க சொல்ற கோர்ட் டிராமா சீரிஸ் எது? ஏன் நிறுத்தினாங்க?

என்னோட பதில் மர்டர் ஒன். அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல 1995 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 1997ல இழுத்து மூடிட்டாங்க. கணக்குக்கு ரெண்டு சீசன், 41 எபிசோட், ஆனா என்னைக் கேட்டா முதல் சீசனோட 23 எபிசோட் தான் அந்த சீரிஸ், ரெண்டாவது சீசன் வேற ஏதோ ஒரு சீரிஸ் அதே பேர்ல வந்த மாதிரி இருக்கும், அதைப் பத்தி கடைசில சொல்றேன்.

எடுத்தவர் ஸ்டீவன் போச்கோ. ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ், எல்.ஏ. லா, என்ஒய்பிடி ப்ளூ எல்லாம் அவர் கைவண்ணம் தான், அதாவது அந்த நேரத்துல அவர் என்ன கேட்டாலும் சேனல்காரங்க சரின்னு சொல்ற நிலைமை. வக்கீல் சீரிஸான எல்.ஏ. லால ஒரே எபிசோட்ல ரெண்டு மூணு கேஸ் ஓடும், முக்கால்வாசி கேஸ் ஒண்ணு ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும், அடுத்த வாரம் புதுசா உக்காந்து பாக்கலாம். மர்டர் ஒன்ல மனுஷன் அதை அப்படியே தலைகீழாக்கினார். ஒரே கொலை, ஒரே கேஸ், சீசன் முழுக்க அது தான். எபிசோடுக்கு தனியா பேர் கூட கிடையாது, அத்தியாயம் ஒண்ணு, அத்தியாயம் ரெண்டுன்னு நம்பர் தான். நம்ம வார இதழ் தொடர்கதை படிச்சு வளர்ந்தவங்களுக்கு இதுல ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா அமெரிக்க டிவில அன்னைக்கு கோர்ட் கதையை அப்படி யாரும் சொல்லல.

கதை லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடக்குது. ஜெசிகா காஸ்டெல்லோன்னு 15 வயசுப் பொண்ணு கொலையாகிக் கிடக்குறா. முதல்ல மாட்டறது ரிச்சர்ட் கிராஸ்னு ஒரு பெரிய பணக்காரன், அவனுக்கு வக்கீல் டெடி ஹாஃப்மேன். கிராஸ் வெளிய வந்துடறான், அப்புறம் போலீஸ் நீல் அவெடன்னு ஒரு இளம் ஹாலிவுட் நடிகனைப் புடிக்குது, குடி, போதைன்னு ஏற்கெனவே பேர் கெட்டுப்போன ஆளு, அவனுக்கும் இதே ஹாஃப்மேன் தான் வக்கீலா ஆஜராகறார். பழைய கட்சிக்காரன் மேல சந்தேகம் விழாம புது கட்சிக்காரனைக் காப்பாத்த முடியாதுங்கற சிக்கல் அங்கயே ஆரம்பிச்சிடுது. கிராஸா நடிச்சது ஸ்டான்லி டூச்சி. தி டெவில் வேர்ஸ் ப்ராடால மெரில் ஸ்ட்ரீப் கிட்ட வேலை பாக்கற அந்த நல்ல மனுஷனா தான் நிறைய பேருக்கு அவரைத் தெரியும், இங்க அவர் சிரிச்சா நமக்கு எரிச்சல் வரும், ஆனா அடுத்த சீன்ல எப்ப வருவார்னும் தேடுவோம். அமெரிக்க டிவி விருதான எம்மிக்கு நாமினேஷன் கிடைச்சது.

ஆனா சீரிஸைத் தாங்கறது ஹாஃப்மேனா வர்ற டேனியல் பென்சாலி தான். மொட்டைத் தலை, ஆஜானுபாகுவான உருவம், கத்தவே மாட்டார். கோர்ட் சீன்னா நமக்கு என்ன பழக்கம், மேஜையத் தட்டணும், "யுவர் ஆனர்"னு குரல் உசத்தணும், கூட்டம் கைதட்டணும். இவர் கிட்டத்தட்ட கிசுகிசுன்னு பேசுவார். குறுக்கு விசாரணைல ஒரு கேள்வி கேட்டுட்டு அப்படியே அசையாம நிப்பார், கண்ணு கூட இமைக்காது, கூண்டுல இருக்கற ஆளு அந்த அமைதி தாங்காம தேவையில்லாம ரெண்டு வார்த்தை கூட பேசிடுவான், இவருக்கு வேண்டியது அந்த ரெண்டு வார்த்தை தான். எதிர்ல அரசு வக்கீலா வர்ற பார்பரா பாஸனும் (போச்கோவோட மனைவி அப்போ) சளைச்சவங்க இல்ல, இன்னொருத்தரா இருந்தா இவரு பக்கத்துல காணாமப் போயிருப்பாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கோர்ட்டுக்கு வெளிய நடக்கற வேலை. விசாரணை ஆரம்பிக்கவே எக்கச்சக்க எபிசோட் ஆகும், அதுக்கு முன்னாடி ஜாமீன், எந்த சாட்சியத்த உள்ள விடலாம் எதை விடக்கூடாதுன்னு நீதிபதி முன்னாடி சண்டை, அப்புறம் ஜூரி தேர்வு, அதாவது குற்றவாளியா இல்லையான்னு சொல்லப்போற சாதாரண ஜனங்களைப் பொறுக்கி எடுக்கறது. நம்ம நாட்டுல கிரிமினல் கேஸ்ல ஜூரி முறை போயே 50 வருஷம் ஆச்சு, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட அது முடிஞ்சுது, அதனால இந்தப் பகுதி நமக்கு சுத்தமா புதுசு. கலிஃபோர்னியால ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வர வாய்ப்பு இருக்கற கேஸ்ல காரணமே சொல்லாம ஒவ்வொரு தரப்பும் 20 பேர் வரைக்கும் வேண்டாம்னு தள்ளலாம். அப்ப யாரைத் தள்றது? பொண்ணைப் பெத்த அப்பாவையா, சினிமாக்காரங்கன்னாலே ஆகாதவரையா, இல்ல எல்லாத்துக்கும் தலையாட்டற ஆளையா? தீர்ப்பு பாதி இங்கயே எழுதியாச்சுன்னு தோணும். நடுநடுவுல ஆபீஸ்ல இருக்கற ஜூனியர் வக்கீல்களுக்குன்னு சின்ன கேஸ் ஒண்ணு ஒண்ணு செருகியிருப்பாங்க, அதுல பலது இடத்தை அடைக்கறதுக்கு தான், ஃபார்வர்ட் பண்ணாலும் குடி முழுகிடாது.

சரி இவ்வளவு நல்லா இருந்தா ஏன் ஓடலன்னு தான கேக்கறீங்க. முதல்ல செவ்வாய்க்கிழமை போட்டுட்டு அப்புறம் கொண்டு போய் வியாழக்கிழமை ராத்திரி 10 மணிக்கு வெச்சாங்க, அதே நேரத்துல என்பிசில ஈஆர். அப்போ அமெரிக்காவே உக்காந்து பாத்த ஆஸ்பத்திரி சீரியல் அது, அதுக்கு எதிர்ல எதை வெச்சாலும் அடி தான். பின்னாடி திங்கட்கிழமைக்கு மாத்தினாங்க, அதுக்குள்ள பாதி பேர் விட்டுட்டாங்க. அதை விடப் பெரிய பிரச்சினை, ஒரு வாரம் மிஸ் பண்ணிட்டா திரும்பப் பாக்க வழியே இல்ல. விசிஆர்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சா உண்டு. ஏழாவது வாரம் புதுசா ஒருத்தர் வந்து உக்காந்தா முன்கதைச் சுருக்கம் போட்டும் தலையும் புரியாது வாலும் புரியாது.

இன்னொண்ணு முன்னாள் அமெரிக்க ஃபுட்பால் ஸ்டார் ஓ.ஜே. சிம்ப்சன் கேஸ். அதுவும் லாஸ் ஏஞ்சல்ஸ், அதுவும் பிரபலம் மேல கொலைக் குற்றச்சாட்டு, அந்த நிஜ விசாரணையை 1995ல மாசக்கணக்கா டிவில நேரடியாப் பாத்திருக்காங்க ஜனங்க. மர்டர் ஒன் வந்தது செப்டம்பர் 19, சிம்ப்சனுக்கு விடுதலைத் தீர்ப்பு வந்தது அக்டோபர் 3. சேனல்காரங்க அந்த ஆர்வம் இதுக்கும் வரும்னு நினைச்சிருக்கலாம், எனக்கு என்னவோ ஜனங்களுக்கு அதுக்குள்ள திகட்டிப் போயிருக்கும்னு தான் தோணுது. நிஜத்துலயே மாசக்கணக்கா பாத்து முடிச்ச கையோட கற்பனைல இன்னொரு 23 வாரமான்னு.

ரெண்டாவது சீசன்ல பயந்துட்டாங்க. பென்சாலியைத் தூக்கிட்டு ஆண்டனி லபாக்லியாவைப் போட்டாங்க, ஒரு கேஸுக்குப் பதிலா மூணு கேஸ், 18 எபிசோட். லபாக்லியா நல்ல நடிகர் தான், அவர் மேல தப்பு இல்ல, ஆனா எதுக்காக இந்த சீரிஸைப் பாக்க வந்தோமோ அதையே எடுத்துட்டா அப்புறம் மத்த பத்து வக்கீல் சீரியலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதுலயும் கடைசி கேஸ் மட்டும் பாக்கலாம், ப்ரூயிட் டெய்லர் வின்ஸ் தொடர் கொலைகாரனா வருவார், அதுக்கு எம்மியும் வாங்கினார்.

2001ல "24"ங்கற சீரிஸ் வந்து ஒரே நாளை சீசன் முழுக்க ஓட்டிக் காட்டினது, 2016ல தி நைட் ஆஃப், நம்ம பக்கம் ஹிந்தில கிரிமினல் ஜஸ்டிஸ், இப்போ ஒரு கேஸ் ஒரு சீசன்ங்கறது சர்வ சாதாரணம். ஆனா இந்த ஒரு கேஸ் சீரிஸ் எல்லாம் எட்டு பத்து எபிசோட், 23 இல்ல. அந்த விஷயத்துல போச்கோ கொஞ்சம் பேராசைப்பட்டார்னு தான் சொல்லணும். நான் டிவிடில ஒரு நாளைக்கு மூணு நாலுன்னு பாத்ததால இழுவையாத் தெரியல, வாரத்துக்கு ஒண்ணுன்னு காத்திருந்திருந்தா நானும் ஈஆர் பக்கம் போயிருப்பேனோ என்னவோ.

பாக்கறதா இருந்தா முதல் சீசன் மட்டும் பாருங்க, வரிசையாப் பாருங்க, கேரக்டர் பேரை கூகுள்ல தட்டிடாதீங்க, கொலை பண்ணது யாருன்னு முதல் ரிசல்ட்லயே போட்டு உடைச்சிருப்பானுங்க.