சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு எந்த வெடிமருந்து?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் மான் வேட்டைக்காக .50 காலிபர் சக்கிமுக்கி ரைஃபிள் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பக்கத்துக் கடையில் அசல் கருமருந்து இல்லை. பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்துகள்தான் இருக்கின்றன. “எல்லாம் ஒன்றுதான், சுத்தம் செய்வதும் சுலபம்” என்கிறார் கடைக்காரர். அக்டோபர் சீசனுக்காக 209 பிரைமர் (தீப்பற்ற வைக்கும் சிறு மூடி) போடும் இன்லைன் துப்பாக்கியும், அதாவது மருந்துக்கு நேர் பின்னால் தீ வைக்கும் புதுப் பாணித் துப்பாக்கியும், வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே மருந்து போதுமா? ரைஃபிளோடு லேபிள் கிழிந்த மருந்து டப்பா ஒன்றும் வந்தது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: போதாது. கடைக்காரர் சொன்னது உங்கள் இன்லைனுக்கு ஓரளவு பொருந்தும், சக்கிமுக்கிக்கு அறவே பொருந்தாது. எந்த மருந்து உயர்ந்தது என்று ஆராய்வதை விட்டுவிட்டு, உங்கள் துப்பாக்கி எப்படித் தீப்பற்ற வைக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

சக்கிமுக்கியில் கல் எஃகுத் தகட்டை உரசுகிறது, பொறி கிண்ணத்தில் விழுகிறது, அங்கே இருக்கும் சிட்டிகை மருந்து பற்றுகிறது, அந்தச் சுடர் குழலின் பக்கத்தில் உள்ள சிறு துளை வழியே உள்ளே போய் முக்கிய மருந்தைப் பிடிக்க வேண்டும். இவ்வளவு மெலிந்த தீக்கு உடனே பற்றக்கூடியது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த பழைய கருமருந்துதான். மாற்று மருந்துகள் எல்லாமே பற்றுவதற்குக் கூடுதல் சூடு கேட்பவை. கிண்ணத்தில் பைரோடெக்ஸைப் போட்டால் பல நேரம் பொறி விழும், ஒன்றும் நடக்காது. அல்லது ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். அதற்குள் உங்கள் குறி நகர்ந்திருக்கும். அடியில் கொஞ்சம் கருமருந்து, மேலே மாற்று மருந்து என்று கலந்து போடுபவர்களும் இருக்கிறார்கள். மருந்துகளைக் கலக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதுவும் போக, கருமருந்து கையில் இருக்கிறது என்றால் முழுக்க அதையே போட்டுவிட்டுப் போகலாமே.

ஆகவே ரைஃபிளுக்கு அசல் கருமருந்து. கோயெக்ஸ், ஷூட்ஸன், ஸ்விஸ் ஆகியவை அமெரிக்காவில் வழக்கமாகக் கிடைப்பவை. ஸ்விஸ் விலை கூடுதல், தரமும் அப்படியே. டப்பாவில் எஃப் எழுத்துகள் எத்தனை என்று பாருங்கள்: எஃப் கூடக் கூட மணி சிறுக்கும், எரிவது வேகமாகும். .50 காலிபருக்கு 2எஃப் போதும். கிண்ணத்துக்கு 4எஃப் நல்லது. கிடைக்காவிட்டால் 3எஃப் போட்டாலும் வேலை நடக்கும். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 60 அல்லது 70 கிரெயினில் (மருந்தை அளக்கும் அலகு) தொடங்கலாம். ஆனால் உங்கள் துப்பாக்கியின் கையேடு சொல்லும் உச்ச அளவுதான் இறுதி வார்த்தை.

கடைகளில் அது ஏன் இல்லை? அமெரிக்கச் சட்டப்படி கருமருந்து வெடிபொருள். பைரோடெக்ஸ் போன்றவை தீப்பற்றும் திடப்பொருள் என்ற வகையில் அடங்குவதால் சிறிய கடைக்காரருக்கு இருப்பு வைப்பது எளிது. பழைய பாணித் துப்பாக்கிக்காகவும் விளையாட்டுக்காகவும் வாங்கும் தனிநபருக்கு 50 பவுண்டு வரை மத்தியச் சட்டம் விலக்கு தருகிறது. மாநில விதியும் உங்கள் ஊர்த் தீயணைப்பு விதியும் அதைவிடக் குறைவாக அனுமதிக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தபாலில் வாங்கினால் ஆபத்துச் சரக்குக் கட்டணம் என்று ஒன்று தனியாக விழும். ஒரு பவுண்டு வாங்கினாலும் அது விழும் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து ஆர்டர் போடுவதுதான் புத்திசாலித்தனம். வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இந்த மருந்துக்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருந்து ஆலைகளுக்குப் போன நல்ல வெடியுப்பில் பெரும்பகுதி நம் நாட்டினுடையது. 1861-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவே, டூபான் மருந்து ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த லாமோட் டூபான் லண்டனுக்கே போய் அதை வாங்கிக் குவித்தார். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையில் மூண்ட தகராறில் பிரிட்டன் அதைக் கப்பலேற விடாமல் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது.

இன்லைனுக்கு வருவோம். 209 பிரைமர் வலுவாகத் தீ கக்கும், அதனால் அங்கே உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை; அழுகிய முட்டை நாற்றம் வராது, தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் கருமருந்தைவிட வீரியம் அதிகம். அதே வேகத்துக்கு அளவை 15 சதவீதம் குறைக்க வேண்டும்: 80 கிரெயின் போட்டிருந்த இடத்தில் 68. பிளாக்ஹார்ன் 209 என்ற இன்னொரு மாற்று மருந்தில் கசடு மிகக் குறைவு, இடையில் துடைக்காமலே பல முறை சுடலாம், விலைதான் கடிக்கும். அதைத் தண்ணீரால் கழுவ முடியாது, கரைப்பான் வேண்டும். எனக்குக் கேட்டால் இன்லைனுக்கு அதுவே.

இந்த அளவுகள் எல்லாம் கொள்ளளவுக் கிரெயின், எடை அல்ல. அளவைக் குழாயில் 100 கிரெயின் பிளாக்ஹார்னை அளந்து தராசில் வைத்தால் ஏறக்குறைய 70 கிரெயின்தான் இருக்கும். தராசில் 100 நிறுத்துப் போட்டால் வம்பு.

“சுலபச் சுத்தம்” என்ற பேச்சைப் பைரோடெக்ஸ் விஷயத்தில் நான் ஏற்பதில்லை. அதில் பெர்குளோரேட் இருக்கிறது. எரிந்த பின் தங்கும் குளோரைடு உப்பு இரும்பைச் சமையல் உப்பு மாதிரியே அரிக்கும். கருமருந்துக் கசடு பார்க்கத்தான் பயங்கரம். எரிந்ததில் பாதிக்கு மேல் கசடும் புகையுமாக மாறினாலும், வெந்நீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் விட்டால் கரைந்து போகும். எந்த மருந்தானாலும் சுட்ட அன்றே அதற்கேற்றபடி சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய் போட்டு, மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் பனியில் கிண்ணத்து மருந்து ஈரம் குடிக்கும். விசைப் பகுதிக்கு மேல் தோலுறை ஒன்று கட்டுங்கள், கிண்ணத்து மருந்தை அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். டப்பாவிலிருந்தோ மருந்து வைக்கும் கொம்பிலிருந்தோ நேராகக் குழலில் ஊற்றாதீர்கள். முந்தைய சூட்டின் கங்கு உள்ளே கிடந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். தனிக் குழாயில் அளந்து ஊற்றுங்கள். குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும்.

லேபிள் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். அதில் இன்றைய தோட்டாத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்து இருந்து, அதைச் சக்கிமுக்கியில் போட்டால் குழல் பிளக்கும். நிறத்தையும் மணியையும் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. ஊர்த் தீயணைப்புத் துறையிடம் கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள்.

மருந்து வாங்கப் போவதற்கு முன் இன்னொன்று. பழைய ரைஃபிள்கள் பல முறை உள்ளே குண்டோடேயே கைமாறுகின்றன. குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ போகாமல், குண்டைத் தள்ளும் ராம்ராட் கம்பியை உள்ளே இறக்கி, வாய் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கம்பியை எடுத்துக் குழலின் வெளியே, கோட்டை விளிம்போடு பொருத்தி வைத்துப் பாருங்கள். முனை பக்கத்துத் துளைக்கு நேரே வந்தால் காலி. ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், சுட்டுக் காலி செய்யப் பார்க்காதீர்கள்.