ட்ரினோவைக் கேட்டலொக்கோடு இணைக்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொஞ்ச நாளாக எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஒபிஸில் ட்ரினோ ஏற்கனவே ஓடுகிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஹைவ் என்று சிதறிக் கிடக்கும் தரவை எல்லாம் அதன் வழியாகத்தான் வினவுகிறார்கள். இப்போது டேட்டாஹப், ஓபன்மெட்டாடேட்டா போன்ற தரவுக் கேட்டலொக் ஒன்றை நிறுவி, எந்த டேபிள் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு என்று எல்லோரும் தேடிப் பார்க்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் கோக்கிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. கேள்விகளைச் சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, டேட்டாஹப்பில் ‘டேட்டாபேஸ்’ என்று ஒன்றைக் கேட்கிறது. ட்ரினோவில் அப்படி எதுவும் இல்லையே, என்ன கொடுப்பது? பிரெஸ்டோ என்றும் ட்ரினோ என்றும் இரண்டு பெயர் வேறு இருக்கிறது, எதை எடுப்பது?

ட்ரினோவில் ஒரு டேபிளின் முழுப்பெயருக்கு மூன்று படிகள்: கேட்டலொக், ஸ்கீமா (டேபிள்களின் தொகுதி), டேபிள். ட்ரினோ சேர்வரில் ஒவ்வொரு தரவு மூலத்துக்கும் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு இருக்கும். அந்தக் கோப்பின் பெயர்தான் ட்ரினோ சொல்லும் ‘கேட்டலொக்’. நீங்கள் புதிதாக நிறுவும் தரவுக் கேட்டலொக்குக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. டேட்டாஹப் கேட்கிற டேட்டாபேஸ் இந்த ட்ரினோ கேட்டலொக்கின் பெயர்தான். உங்களிடம் நான்கு கேட்டலொக் இருந்தால் நான்கு ரெசிப்பி (எங்கிருந்து எதை எடுப்பது என்று டேட்டாஹப்புக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பு) எழுதுங்கள். ஓபன்மெட்டாடேட்டாவில் அதைக் காலியாக விட்டால், கண்ணுக்குத் தெரிகிற எல்லாக் கேட்டலொக்கையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பெயருக்கும் காரணம் இருக்கிறது. 2012 இல் ஃபேஸ்புக்கில் பிரெஸ்டோ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் இது. அதை உருவாக்கியவர்கள் அங்கிருந்து வெளியேறி, 2019 இல் தனிக் கிளையாகக் கொண்டுபோனார்கள். 2020 டிசம்பரில் அந்தக் கிளைக்கு ட்ரினோ என்று பெயர் வைத்தார்கள். 351 ஆம் பதிப்போடு, கிளையன்டும் சேர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி தலைப்புகளின் (ஹெடர்) பெயரும் மாறிவிட்டது. ஆகவே உங்கள் சேர்வர் ட்ரினோ என்றால் ட்ரினோ கனெக்டரையே எடுங்கள். பிரெஸ்டோ கனெக்டரோடு நேரம் செலவழிக்க வேண்டாம்.

மருதானையிலிருந்து ஒரு மாணவர்: ட்ரினோ என் லப்டொப்பில் நன்றாக ஓடுகிறது, பிரவுசரில் திறக்கிறது. கேட்டலொக்கிலிருந்து இணைத்தால் மட்டும் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்கிறது.

தம்பி, நீங்கள் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்திருப்பீர்கள். இன்ஜெஷன், அதாவது மூலத்திலிருந்து டேபிள் விவரங்களை எடுத்துத் தரவுக் கேட்டலொக்கில் எழுதும் வேலை, ஓடுவது டொக்கர் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கொன்டெய்னர்தான், உங்கள் லப்டொப் இல்லை. இரண்டையும் ஒரே டொக்கர் நெட்வேர்க்கில் போட்டு, ட்ரினோ சேர்விஸின் பெயரையே ஹோஸ்டாகக் கொடுங்கள். இன்னொன்று: ட்ரினோவின் வழக்கமான போர்ட் 8080. டேட்டாஹப்பின் பின்புறச் சேர்வரும் 8080, ஓபன்மெட்டாடேட்டாவோடு வரும் ஏர்ஃப்ளோவும் 8080. ஒரே மெஷினில் வைத்தால் ஒன்றை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர்: இன்ஜெஷன் பச்சை டிக்கோடு முடிகிறது. லொக்கில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் 38 டேபிள்தான் வந்திருக்கிறது, எங்களிடம் 300க்கு மேல் இருக்கிறது. எங்கே போனது?

இந்தக் கேள்விக்காகவே இந்த முறை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

ட்ரினோவில் அணுகல் கட்டுப்பாடு இயங்கும் விதத்தை முதலில் பாருங்கள். உரிமை இல்லாத டேபிளை நீங்கள் நேராக வினவினால் ‘அனுமதி இல்லை’ என்று பிழை வரும். ஆனால் ‘என்னென்ன டேபிள் இருக்கிறது’ என்று பட்டியல் கேட்டால் பிழை வராது. உங்களுக்கு உரிமை இல்லாதவற்றை ட்ரினோ சத்தமில்லாமல் கழித்துவிட்டு, மீதியை மட்டும் தரும். இன்ஜெஷன் செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். அதற்கு 38 கிடைத்தது, 38 ஐயும் ஒழுங்காக எழுதி முடித்தது, பச்சை டிக் போட்டது. அதன் பார்வையில் குறை ஒன்றும் இல்லை.

ஆகவே இன்ஜெஷனுக்குக் கொடுத்த அதே யூசர் பெயரில் நீங்களே ட்ரினோவுக்குள் போங்கள். உங்கள் சொந்த யூசரில் போக வேண்டாம், எட்மின் யூசரில் போகவே வேண்டாம். முதலில் ‘ஷோ கேட்டலொக்ஸ்’ கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கேட்டலொக்கிலும் இன்ஃபொர்மேஷன் ஸ்கீமாவில் உள்ள ‘டேபிள்ஸ்’ஐ ஸ்கீமா வாரியாக எண்ணுங்கள். அதே எண்ணிக்கையை மூல டேட்டாபேஸிலேயும் போய் எடுங்கள். ஒரு தாளில் மூன்று நிரல் (கொலம்): மூலத்தில் எத்தனை, ட்ரினோவில் அந்த யூசருக்கு எத்தனை, தரவுக் கேட்டலொக்கில் எத்தனை. முதல் இரண்டுக்கும் இடையில் குறைந்தால் உரிமைப் பிரச்சினை. பின்னிரண்டுக்கும் இடையில் குறைந்தால், எதை எடுப்பது எதை விடுவது என்று நீங்கள் எழுதிய ஃபில்டர்தான் காரணம்.

ஃபில்டர் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. டேட்டாஹப்பில் டேபிளுக்கான ரெஜெக்ஸ் (பெயரைப் பொருத்திப் பார்க்கும் வடிவம்), டேபிளின் முழுப்பெயரோடு பொருத்திப் பார்க்கப்படுகிறது. கேட்டலொக், புள்ளி, ஸ்கீமா, புள்ளி, டேபிள் என்று. டேபிள் பெயரை மட்டும் எழுதினால் எதுவும் பொருந்தாது. ஓபன்மெட்டாடேட்டாவில் கேட்டலொக், ஸ்கீமா, டேபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபில்டர் இருப்பதால் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு.

இதை நான் கற்றது சுலபமாக இல்லை. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் இதே மாதிரி இணைத்துவிட்டு, எல்லோருக்கும் மெயில் அனுப்பி, பயிற்சியும் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கணக்காய்வுப் பிரிவிலிருந்து ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். கையில் கேட்டலொக்கின் அச்சுப் பிரதி. அதில் ஒரு பக்கத்தைக் காட்டி, “இதில் கடன் மீளச்செலுத்தல் டேபிள் இல்லை மகள், அப்படியென்றால் அந்தத் தரவு நம்மிடம் இல்லை என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டார். ஒரு முழு ஸ்கீமாவே விடுபட்டிருந்தது. இரண்டு மாதமாக ஆட்கள் அதில் தேடி, கிடைக்காமல், இல்லை என்றே முடிவு செய்திருக்கிறார்கள். தரவுக் கேட்டலொக்கில் இல்லாதது நிறுவனத்தில் இல்லாதது என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து அந்த மூன்று நிரல் தாளை நிரப்பாமல் ஒரு இணைப்பையும் நான் முடிந்ததாக எண்ணுவதில்லை.

அப்புறம், மறைந்துபோன டேபிள்களைத் தானாகவே நீக்கும் வசதியை இந்த எண்ணிக்கை சரியான பிறகே திறந்துவிடுங்கள். யாராவது ஒருநாள் உரிமைக் கோப்பை மாற்றினால், இருக்கிற டேபிள்களும் ‘நீக்கப்பட்டது’ ஆகிவிடும்.

இராஜகிரியவிலிருந்து: கடவுச்சொல் கொடுத்தால் ‘எச்டிடிபி வழியாக அங்கீகாரம் முடியாது’ என்கிறது. லோட் பேலன்சர் வழியாகப் போனால் 406 என்ற பிழை வருகிறது.

இரண்டும் தனித்தனிக் காரணங்கள். ட்ரினோ கிளையன்ட் கடவுச்சொல்லைப் பாதுகாப்பற்ற இணைப்பில் அனுப்ப மறுக்கும், அது சரியான நடத்தை. எச்டிடிபிஎஸ் போர்ட்டைக் கொடுத்து, இணைப்பு முறையையும் எச்டிடிபிஎஸ் என்று மாற்றுங்கள். உள்ளகச் சான்றிதழ் என்றால் அதன் கோப்புக்கான பாதையைக் காட்டுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழி வேண்டாம். 406 வருவது, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸின் மறையாக்கம்) லோட் பேலன்சரில் முடிந்து, பின்னால் உள்ள ட்ரினோவுக்கு ‘ஃபோர்வர்டட்’ தலைப்பு போய்ச் சேரும்போது. அந்தத் தலைப்புகளை ஏற்கும்படி ட்ரினோவின் எச்டிடிபி சேர்வர் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அது ட்ரினோ நிர்வாகியின் வேலை, கேட்டலொக் பக்கத்தில் எதை மாற்றியும் பயனில்லை.

கோட்டையிலிருந்து: காலை ஆறரைக்கு ட்ரினோ மூச்சுத் திணறுகிறது. இன்ஜெஷனை இரவு ஒரு மணிக்குத்தானே வைத்தோம்?

யூடிசியில் ஒரு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். கொழும்பு ஐந்தரை மணி நேரம் முன்னால், ஆகவே அது நமக்குக் காலை 6.30. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஓட வேண்டுமென்றால் யூடிசியில் முந்தைய நாள் 19.30 என்று எழுதுங்கள்.

மெட்டாடேட்டா (டேபிள், நிரல் பெயர்கள் போன்ற விவரம்) மட்டும் எடுப்பது பொதுவாக இலேசான வேலை. ஹைவில் டேபிள்கள் அதிகமென்றால், நிரல்களின் பட்டியலைக் கேட்கும்போது, அந்த விவரங்களை வைத்திருக்கும் மெட்டாஸ்டோரைத் திரும்பத் திரும்பத் தட்டுவதால் இழுக்கும். உண்மையான சுமை புரொஃபைலிங்தான், அதாவது தரவையே படித்து ஒவ்வொரு நிரலுக்கும் புள்ளிவிவரம் எடுப்பது. ட்ரினோவிடம் சொந்தத் தரவு கிடையாது என்பதால், நீங்கள் புரொஃபைல் செய்யும் ஒவ்வொரு டேபிளும் பின்னால் இருக்கும் மைஎஸ்கியூஎல் மீதே போய் விழுகிறது. அது கிளைகளில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது ஓடுகிற டேட்டாபேஸாக இருக்கலாம். இன்ஜெஷன் யூசருக்குத் தனி ரிசோர்ஸ் குரூப் வைத்து, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வினவலுக்கு மேல் ஓடாதபடி கட்டுப்படுத்துங்கள். முதல் முழு ஓட்டத்தைப் போயா தினத்தில் வையுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: மிஸ், மாதிரி வரிகளும் கேட்டலொக்கில் தெரிந்தால் பயனர்களுக்கு நல்லது என்கிறார் எங்கள் மனேஜர். வாடிக்கையாளர் டேபிளில் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நமது அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல. பழைய இலக்கம் ஒன்று 78562 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, 1978. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 562 இல் 500 போனால் 62, மார்ச் மாதத் தொடக்கம். ஆக, 1978 மார்ச் தொடக்கத்தில் பிறந்த ஒரு பெண். டேபிளில் பிறந்த திகதி நிரலையும் பால் நிரலையும் நீங்கள் கவனமாக மறைத்திருந்தாலும், இந்த ஒரு நிரல் இரண்டையும் சொல்லிவிடுகிறது. 12 இலக்கப் புதிய எண்ணிலும் அதே கதைதான், ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும்.

மாதிரி வரிகளை நிறுத்தினால் மட்டும் போதாது. புரொஃபைலிங் ஒவ்வொரு நிரலுக்கும் ஆகக்குறைந்த மதிப்பு, ஆகக்கூடிய மதிப்பு என்று எடுக்கும். அடையாள அட்டை நிரலில் அந்த இரண்டும் உயிரோடு இருக்கும் இரண்டு ஆட்களின் உண்மையான இலக்கங்கள். டேட்டாஹப்பில் மாதிரி மதிப்புகளை எடுப்பது, நீங்கள் அணைக்காவிட்டால், புரொஃபைலிங்கோடு தானாகவே நடக்கும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவையே கையாள வேண்டும் என்கிறது. டேபிளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவருடைய அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. வாடிக்கையாளர் டேபிள்களைப் புரொஃபைலிங்கிலிருந்து முழுக்க நீக்குங்கள். ட்ரினோவின் கோப்பு வழி அணுகல் விதிகளில், இன்ஜெஷன் யூசருக்கு அந்த டேபிள்களின் மேல் வரிகளை வடிகட்டும், எப்போதும் ‘ஃபோல்ஸ்’ ஆகும் ஒரு ஃபில்டர் போடுங்கள். டேபிளும் நிரல்களும் அந்த யூசருக்குத் தெரியும், ஒரு வரித் தரவுகூட வராது. பிறகு அந்த நிரல்களுக்குத் தனிப்பட்ட தரவு என்று டெக் போடுங்கள். தானியங்கி வகைப்படுத்தலை மட்டும் நம்பாமல், ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸும், அல்லது பன்னிரண்டு இலக்கம் என்ற வடிவத்தை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: ஒரே ‘ஓடர்ஸ்’ டேபிள் கேட்டலொக்கில் இரண்டு தடவை வருகிறது. லினியேஜும் (தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற தொடர்பு) கோக்கவில்லை.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து நேராக ஒரு தடவை, ட்ரினோ வழியாக ஒரு தடவை எடுத்திருக்கிறீர்கள். கேட்டலொக்குக்கு அவை இரண்டு தளங்களின் இரண்டு பொருட்கள். இரண்டும் இருக்கலாம், ஆனால் இடையில் கோடு வேண்டும். கோடு விழாததற்குப் பொதுவான காரணம் எழுத்து. ட்ரினோ பெயர்களைச் சிற்றெழுத்தாக்கித்தான் காட்டும். மைஎஸ்கியூஎல்லில் பெயர் பேரெழுத்தில் தொடங்கினால் இரண்டும் பொருந்தாது. எந்த ட்ரினோ கேட்டலொக் எந்த மூலத்தைக் குறிக்கிறது என்ற பொருத்தத்தையும் டேட்டாஹப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வினவல்களிலிருந்து லினியேஜ் எடுப்பதென்றால், ஓடிய வினவல்களைக் காட்டும் ட்ரினோவின் ‘ரன்டைம்’ பட்டியலை நம்ப வேண்டாம். வழக்கமான அமைப்பில் முடிந்த வினவல் ஒன்று 15 நிமிடம்தான் உறுதியாக நிற்கும். அதற்குப் பிறகு 100 வினவல் வரைதான் வைத்திருக்கும். இரவில் போய்ப் பார்த்தால் பகல் முழுவதும் மறைந்திருக்கும். ஈவென்ட் லிஸனர் ஒன்றை இணைத்து, ஒவ்வொரு வினவலும் முடியும்போதே வெளியே எழுதி வையுங்கள். ஓபன்லினியேஜ் என்ற பொது வடிவில் அனுப்பும் லிஸனர் புதிய பதிப்புகளோடு வருகிறது.

வத்தளையிலிருந்து: நிரல் விளக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத ஆசை. அடுத்த இன்ஜெஷனில் அழிந்துவிடுமா?

அழியாது. டேட்டாஹப்பில் திரையில் எழுதுவது இன்ஜெஷன் எழுதுவதிலிருந்து தனி இடத்தில் சேமிக்கப்படுகிறது. ஓபன்மெட்டாடேட்டாவில் ‘ஓவர்ரைட்’ வசதியை நீங்களே திறந்தால் ஒழிய, இருக்கிற விளக்கத்தை அது தொடாது. மூல டேட்டாபேஸிலேயே எழுதுவதாக இருந்தால், மைஎஸ்கியூஎல்லில் நிரல் விளக்கத்துக்கு 1024 எழுத்துதான் எல்லை, இரண்டு மொழியையும் அதற்குள் அடக்க வேண்டும். கேள்விக்குறிகளாக வந்தால் அந்த இணைப்பின் எழுத்துக்குறி முறை லட்டின்-1 இல் நிற்கிறதா என்று பாருங்கள்.